பையைக் கடைசியில் வாங்குங்கள்

முதல்முறையாகப் பல நாள் மலைநடைக்குக் கிளம்பும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு,



2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் வனத்துறை 40 தடங்களை அறிவித்த பிறகு, மலையில் நடக்கும் ஆசை நம் ஊர்களில் நன்றாகவே பரவிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் தடங்கள். காலேஜுக்குக் கொண்டுபோகும் பையில் இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் வைத்துக்கொண்டால் போதும். அந்த ருசி கண்டவர்கள் அடுத்து விசாரிப்பது இமயமலையின் சந்தக்ஃபூ, கேதார்கந்தா, ஹம்ப்டா கணவாய், அன்னபூர்ணா பேஸ் கேம்ப். ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள் நடை. உடனே பை பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. 60 லிட்டர் வாங்கலாமா, 70 லிட்டர் வாங்கலாமா, எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிறீர்கள்.

பையைக் கடைசியில் வாங்குங்கள். உள்ளே போகப்போகும் பொருட்களை முதலில் சேர்த்து, நிறுத்து, வேண்டாததைக் கழித்து, மிஞ்சியதைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற பையைத் தேடுங்கள். பெரிய பையை முதலில் வாங்கியவரால் அதை நிரப்பாமல் இருக்க முடியாது. காலி இடம் கண்ணை உறுத்தும். இன்னொரு ஸ்வெட்டர் உள்ளே போகும், அதன் மேல் ஒரு ஜோடி செருப்பு போகும். 70 லிட்டர் பைகள் பல, வெறும் பையாகவே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கின்றன. ஒரு சாக்ஸ்கூட வைப்பதற்கு முன்பே இரண்டு லிட்டர் தண்ணீரின் எடை முதுகில் ஏறிவிடுகிறது.

சந்தக்ஃபூவையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், 3,636 மீட்டர். மானேபஞ்சாங்கில் நடக்கத் தொடங்கி, தும்லிங், காலாபோக்ரி வழியாக, நேபாள எல்லையை ஒட்டியே சிங்கலீலா மலைத்தொடரின் மேல் ஏறிச் செல்லும் பாதை. வழியில் உள்ள சிற்றூர்களில் இரவு தங்க விடுதிகள் இருக்கின்றன. கட்டிலும் ரஜாய் என்ற கனமான போர்வையும் சூடான சாப்பாடும் கிடைக்கும். ஆக, கூடாரம், அடுப்பு, பாத்திரம் எதுவும் வேண்டாம். மாற்றுத் துணி, குளிருக்கும் மழைக்குமான உடைகள், மருந்து, டார்ச், தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம், இவ்வளவுதான். இதற்கு 35 முதல் 40 லிட்டர் தாராளம். கேதார்கந்தா மாதிரி, கூடாரத்தையும் சமையலையும் ஏற்பாட்டாளர்கள் பார்த்துக்கொள்ளும் இடங்களில் கனத்த குளிர் உடைகளுக்காக 45 லிட்டர் வரை போகலாம். கூடாரம், அடுப்பு, உணவு என்று எல்லாவற்றையும் தானே சுமக்கிறவருக்குத்தான் அதற்கு மேல் தேவைப்படும். முதல்முறை போகும்போது அந்த வேலையே வேண்டாம்.

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் போதும்; பயணப் பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசும் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பொருட்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் மூன்றும் நாளுக்கு நாள் குறைகிறவை. அவற்றை விட்டுவிட்டு, பையோடு சேர்த்து மற்றதையெல்லாம் கூட்டினால் வருவது அடிப்படை எடை. அமெரிக்காவின் நெடும்பாதை நடையர்கள் இது 20 பவுண்டுக்குள், அதாவது சுமார் 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு என்றும், 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலகு என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் கூடாரமும் படுக்கையும் அடங்கும். விடுதியில் படுத்துத் தூங்கப்போகிற நமக்கு 5, 6 கிலோவுக்குள் அடக்குவது சிரமமே இல்லை.

தாளில் எழுதிய பிறகு பாருங்கள், எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். ஒரு ஜீன்ஸ் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். நனைந்தால் மலைக் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் காயாது. மெல்லிய நைலான் பேண்ட் அதில் பாதி எடைதான், உடம்பில் இருந்தபடியே காய்ந்துவிடும். துருக்கித் துண்டை வீட்டில் வைத்துவிட்டு ஈரிழைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றில் நம் ஊர்ச் சரக்கு, கடைகளில் ‘ட்ராவல் டவல்’ என்று விற்பதற்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை. ஷாம்பு பாட்டில் வேண்டாம், சாஷே இரண்டு போதும், அதையும் அநேகமாகத் திறக்கமாட்டீர்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் பாதிகூடச் செலவாகாமல் திரும்பி வருகிறவர்கள் அதிகம். சிறியதை எடுத்துக்கொண்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, இரவில் இரண்டையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் குளிரில் சார்ஜ் இறங்காது. அப்புறம் அம்மா கட்டிக்கொடுக்கும் தொக்கு. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தும்லிங்கில் சூடான சோற்றோடு அது அமிர்தம். தின்பதற்குக் கடலை மிட்டாயைவிட நல்ல மலைத்தீனி நான் பார்த்ததில்லை. 100 கிராமில் சுமார் 500 கலோரி இருக்கிறது, குளிரில் உறைவதில்லை, நசுங்குவதில்லை.

இதெல்லாம் கஞ்சத்தனமான கணக்காகத் தோன்றினால், உயரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 3,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சென்னையில் வீட்டுப் படி ஏறும்போது பெரிதாகத் தெரியாத மூன்று கிலோ, அங்கே நூறு அடிக்கு ஒருமுறை உங்களை நிற்கவைக்கும். களைத்துப் போனவர் குனிந்த தலை நிமிராமல் நடப்பார். எதிரே மேகம் விலகி கஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரிந்தாலும் பார்க்கமாட்டார். அவ்வளவு தூரம் ரயிலேறிப் போனது அதற்கா?

எடையைக் குறைப்பது புதிய நாகரிகம் அல்ல. 1955-இல் ஒஹையோவைச் சேர்ந்த எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தை முழுதாகத் தனியே நடந்து முடித்தார். 3,200 கிலோமீட்டருக்கு மேல். தானே தைத்த ஒரு துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். காலில் கேன்வாஸ் ஷூ. மழைக்கு ஒரு குளியலறைத் திரை. வழியில் இருந்தவர்கள் திண்ணையில் படுக்க இடம் கொடுத்ததும் சோறு போட்டதும் அவரைக் காப்பாற்றின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; இமயத்தில் அப்படிக் கிளம்பிவிடாதீர்கள். பின்னால், விண்வெளிப் பொறியாளராக வேலைபார்த்த ரே ஜார்டைன் அமெரிக்க மேற்குக் கரையின் 4,200 கிலோமீட்டர் பசிபிக் க்ரெஸ்ட் தடத்தை மனைவி ஜென்னியோடு நடந்து, 1992-இல் ஒரு கையேடு எழுதினார். அவரும் தன் பையைத் தானே தைத்தார். எல்லாப் பொருளும் இலகுவாகிவிட்டால் கனமான பைக்கே அவசியம் இல்லை என்பது அவர் வழி. இன்று விற்கும் இலகுப் பைகளில் பல அந்த யோசனையின் வழிவந்தவை. இதை நீங்கள் மறக்கக்கூடாது: பொருள் குறைந்த பிறகுதான் பை இலகுவானது. 14 கிலோ சாமானை அரைக் கிலோ பையில் திணித்தால் தோள்தான் கிழியும்.

இப்போது பைக்கு வருவோம். பையின் வேலை சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குவது. 1952-இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். மலையேறிகளின் முதுகு அதற்குப் பிறகுதான் நிம்மதி கண்டது. சட்டம் பிற்பாடு பைக்கு உள்ளேயே போய்விட்டது. ஆனால் அடிப்படை மாறவில்லை. சட்டம் பையின் எடையைக் கீழே கொண்டுவருகிறது, இடுப்புப் பட்டை அதை வாங்கிக்கொள்கிறது, தோள்பட்டைகள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. சட்டமே இல்லாத, அரைக் கிலோ அளவுள்ள பைகளும் உண்டு. மொத்தச் சுமையை எட்டு கிலோவுக்குக் கீழே வைத்து, அடுக்கவும் தெரிந்தவருக்கு அவை நல்லவை. முதல்முறை போகிற உங்களுக்கு என் யோசனை: உள்சட்டமும் மெத்தென்ற இடுப்புப் பட்டையும் உள்ள, ஒரு கிலோவிலிருந்து 1.3 கிலோவுக்குள் இருக்கும் பை. அதற்குக் கீழே போகப் போக விலை ஏறும், வசதி இறங்கும்.

துணியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். டைனீமா என்று ஒன்று சொல்வார்கள். தண்ணீரை உறிஞ்சாது, எடையே தெரியாது, விலை தலை சுற்றும். நம் தேவைக்கு, கட்டம் கட்டமாக நெய்த ரிப்ஸ்டாப் நைலான் போதும். 100 டினியர் (நூலின் கனத்தைக் குறிக்கும் அளவு) துணி இலகுவானது, பாறையில் உரசினால் கிழியலாம். 200 டினியருக்கு மேல் தைரியமாகத் தரையில் வைக்கலாம். அடிப்பக்கம் கனமாகவும் மற்ற இடம் மெல்லியதாகவும் இருந்தால் அது யோசித்துச் செய்த பை. பக்கத்துக்குப் பக்கம் ஜிப்பும், எண்ணற்ற அறைகளும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஜிப்பும் எடை, மழைத் தண்ணீர் நுழைய ஒரு வழி.

அளவு என்றால் லிட்டர் மட்டும் என்று நினைக்கிறோம். அதைவிட முக்கியம் முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டு தட்டுப்படும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் உச்சியில், கட்டைவிரல் பின்பக்கம் வருமாறு வையுங்கள். கட்டைவிரல்களை இணைக்கும் கோட்டிலிருந்து அந்த முட்டு வரை, முதுகெலும்பின் வளைவோடு டேப்பை வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். உயரமானவருக்கு முதுகும் நீளமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கால் நீளமாக இருக்கலாம். இந்த அளவைக் கம்பெனி அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பெண்களுக்கென்று செய்யும் பைகளில் தோள்பட்டையின் வளைவும் இடுப்புப் பட்டையின் சாய்வும் வேறு. அவற்றைப் போட்டுப் பார்க்காமல் அண்ணனுடைய பையை இரவல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

காலாபோக்ரிக்கு ஏறும் வழியில், திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு தங்கை பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணா, தோள் கழன்று விழுகிற மாதிரி இருக்கு. இனி ஒரு அடிகூட முடியாது.” பையை வாங்கிப் பார்த்தேன், ஏழு கிலோகூட இருக்காது. இடுப்புப் பட்டையைத் தொப்புளுக்கு மேலே, வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். மூச்சும் முட்டியது, எடையும் தோளிலேயே தொங்கியது. எல்லாப் பட்டைகளையும் தளர்த்தச் சொல்லி, பையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து, பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரும்படி வைத்து பக்கிளைப் போட்டு இறுக்கினோம். பிறகு தோள்பட்டைகளைக் கீழே இழுத்தோம், பை முதுகோடு ஒட்டும் வரைக்கும் மட்டும். பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சியை முன்னால் இழுக்கும் சின்னப் பட்டைகள். கடைசியாக நெஞ்சுப் பட்டை, மூச்சு தடைபடாத அளவுக்கு. எழுந்து நின்றவள் தோள்பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள், தாராளமாகப் போனது. “பையில் இருந்து ஏதாவது எடுத்துட்டீங்களா அண்ணா?” என்று கேட்டாள். ஒன்றையும் எடுக்கவில்லை. மாலையில் எங்களுக்கு முன்பே விடுதியில் இருந்தாள்.

இந்த வரிசை முக்கியம்: இடுப்பு, தோள், உச்சிப் பட்டை, நெஞ்சு. வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்து பாருங்கள், காலிப் பையோடு அல்ல. ஐந்து கிலோ அரிசிப் பையும் மூன்று லிட்டர் தண்ணீரும் கொண்டுபோய் உள்ளே வைத்து, இருபது நிமிடம் கடைக்குள் நடக்க அனுமதி கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம். அதற்கு இடம் தராத கடையில் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுப்பதென்றால் சாங்க்ரி, மணாலி போன்ற ஊர்களில் கிடைக்கும். அங்கேயும் பக்கிள், ஜிப், பட்டைத் தையல் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அடுக்குவதில் ஒரே ஒரு விதி: கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே நடுவில் வரவேண்டும். பவர் பேங்க், தின்பண்டம், தண்ணீர்ப் பை எல்லாம் அங்கே. அடியில் இரவு மட்டும் தேவைப்படும் துணி. உச்சியில் மழைக்கோட்டும் மருந்தும், கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் எடுக்க வரவேண்டும். கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சரிக்கட்ட நீங்கள் முன்னால் கூன்போடுவீர்கள், சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ரெயின் கவரை மட்டும் நம்பாதீர்கள். காற்றில் அது கழன்று பறக்கும், முதுகு வழியே இறங்கும் தண்ணீரை அதனால் தடுக்க முடியாது. பைக்குள்ளே கனமான பெரிய பாலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் துணியை வைத்து, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். அந்தப் பாலித்தீனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதும் உங்கள் பொறுப்பு. ஷூ, டம்ளர், ஈரத்துணி என்று வெளியே தொங்கவிடாதீர்கள், மரக்கிளையில் மாட்டும்.

நடக்கும்போது இரண்டு விஷயம், இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஓடையைக் கடக்கும்போது இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். எதிரே பொதி சுமந்த கோவேறு கழுதைகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். முதுகில் பை இருப்பதால் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு இடத்தை அடைக்கிறீர்கள். மூட்டை ஒரு இடி இடித்தால் போதும்.

குறைக்கக்கூடாதவையும் உண்டு. காற்றையும் மழையையும் தடுக்கும் நல்ல மேலுடை, டவுன் ஜாக்கெட் அல்லது கனத்த ஃப்ளீஸ், தூங்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் உலர்ந்த ஒரு செட் துணியும் சாக்ஸும், தலையில் மாட்டும் டார்ச், விசில், உங்கள் மருந்துகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். நனைந்த உடம்போடு காற்றில் அகப்பட்டால் கோடையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கிராம் கணக்குப் பார்த்து மழைக்கோட்டை விட்டுவிட்டுப் போனவரை நான் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன். மூன்றாவது டி-ஷர்ட்டை விடுங்கள், மழைக்கோட்டை எடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சிரமமாக இருந்தால் கழுதையில் ஏற்றிவிடலாம், சுமைதூக்கியிடம் கொடுத்துவிடலாம் என்று சிலர் அலட்சியமாக அடுக்குகிறார்கள். சுமைதூக்கியை அமர்த்துவது தவறில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு, மூட்டு வலி உள்ளவருக்கு அது தேவை. ஆனால் கைமாற்றிவிட்டதால் எடை மறைந்துவிடுவதில்லை. நேபாளச் சுமைதூக்கிகளைப் பற்றி 2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, அங்கே ஆண்கள் தங்கள் உடல் எடையில் சராசரியாக 93 சதவீதத்தையும் பெண்கள் 66 சதவீதத்தையும் சுமந்து ஏறுவதைப் பதிவு செய்தது. டோக்கோ என்ற கூடை, நெற்றியில் நாம்லோ என்ற பட்டை, அவ்வளவுதான் அவர்கள் கருவி. நம்முடைய மெத்தென்ற இடுப்புப் பட்டை அவர்களுக்குக் கிடையாது. நீங்கள் திறக்கப்போகாத ஷாம்புவையும் போடப்போகாத ஜீன்ஸையும் அவர் நெற்றியில் தொங்கவிடுவது நியாயமே இல்லை. சுமக்கக் கொடுக்கும் பையையும் அதே தராசில் நிறுத்து, அதே கண்டிப்போடு குறைத்துக் கொடுங்கள். குறித்த எடையைவிடக் கூடுதலாகத் திணிக்காதீர்கள். பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பையை முழுதாக அடுக்கிவிடுங்கள். அதை மாட்டிக்கொண்டு தினமும் அரைமணி நேரம் வீட்டுப் படியோ, பக்கத்து மலைக்கோயில் படியோ ஏறி இறங்குங்கள். எந்தப் பட்டை எங்கே உரசுகிறது, எந்தப் பொருளைத் தொடவே இல்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். ரயிலுக்குப் புறப்படும் அன்று தண்ணீரும் தின்பண்டமும் சேர்த்துக் கடைசியாக ஒருமுறை கொக்கித் தராசில் மாட்டிப் பாருங்கள். முள் எட்டு கிலோவைத் தாண்டினால் பையைத் திறந்து, இன்னும் எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று தேடுங்கள்.

அன்புடன்,
மலைப்பாதையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நடக்கும் ஒருவன்